கரண்ட் போய் வந்தால் மணி என்ன?



'ஷட்டவுன்' என்று சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கம்ப்யூட்டர் லேபில் கேட்டால் ஒரு அர்த்தம், வீட்டில் கேட்டால் வேறு அர்த்தம். "நாளைக்கு ஷட்டவுனாம், ராத்திரியே மோட்டார் போட்டுத் தண்ணி ஏத்திடு" என்று எங்க அம்மா சொன்னால், இ.பி.காரங்க மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கே கரண்டை நிறுத்தப் போறாங்க என்று பொருள். கம்ப்யூட்டர் சார் சொன்னால், எல்லாத்தையும் சேமிச்சு, மூடிட்டு, ஒழுங்கா அணைக்கணும் என்று பொருள். முதல் ஷட்டவுன் வந்து இரண்டாவது ஷட்டவுனைக் கெடுத்த கதைதான் இந்தக் கட்டுரை. கெடுத்தது யாருடைய பெட்டியை? என்னுடையதை. அதனால்தான் நானே எழுதுகிறேன். (சிரிக்காதீங்க!)

நம்ம பள்ளியில் போன வருஷம் வரைக்கும் மணி அடித்தவர் வாட்ச்மேன் தாத்தா. வேப்பமரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டை ஒரு இரும்புக் கம்பியால் அடிப்பார். அவர் ஓய்வு பெற்றதும், அறிவியல் கண்காட்சிக்கு நான் செய்த 'தானியங்கி மணிப் பெட்டி'யை ஆபீஸ் சுவரில் மாட்டினார்கள். உள்ளே இருப்பது ராஸ்பெர்ரி பை என்ற சின்ன கணினிப் பலகை. 2012 பிப்ரவரி 29 அன்று இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது, ஏறக்குறைய ஒரு ஏ.டி.எம். கார்டு அளவு. எங்க தெருவில் இஞ்சினியரிங் படிக்கிற அண்ணன் ஒருவர் தன்னுடைய பழைய பலகையைக் கொடுத்தார். அதோடு ஒரு ரிலே, ஒரு மின்சார மணி. நான் பைத்தானில் ஒரு நிரல் எழுதினேன். நேரத்தைப் பார், அட்டவணையோடு ஒப்பிடு, பொருந்தினால் அடி. அவ்வளவுதான்.

மூணு வாரம் பிரமாதமாக ஓடியது. அப்புறம் காலாண்டுத் தேர்வு வந்தது.

தேர்வு நாளில் மணி எப்படி என்று உங்களுக்கே தெரியும். 10 மணிக்கு நீண்ட மணி. 10.30க்கு ஒரு அடி, 11க்கு இரண்டு, 11.30க்கு மூன்று, 12க்கு நான்கு. 12.30க்கு மறுபடியும் நீண்ட மணி, பேப்பரைக் கொடுத்துவிட வேண்டும். வாட்ச் கட்டாத பிள்ளைகள் இந்த அடிகளை எண்ணித்தான் நேரம் பிரிச்சு எழுதுவாங்க. அன்று சமூக அறிவியல். 10.40க்குக் கரண்ட் போச்சு. 11.10க்கு வந்தது. 11 மணி அடி விழவே இல்லை, அது எல்லாருக்கும் புரிந்தது. ஆனால் 11.23க்கு டங் என்று ஒரு அடி. 11.53க்கு இரண்டு அடி. 12.23க்கு மூன்று அடி.

ஒன்பதாவது படிக்கும் என் தங்கச்சி மூன்று அடியைக் கேட்டாள். "ஓ, 11.30தான் ஆகுது, இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு" என்று நினைத்து, ஒரு குறுவினாவைப் பொறுமையாகக் கோடு போட்டு அழகாக எழுதிக்கொண்டிருந்தாள். ஏழாவது நிமிஷம் டீச்சர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பேப்பரை வாங்கிட்டாங்க. டீச்சர் மேல எந்தத் தப்பும் இல்லை, மணி அப்போது சரியாக 12.30. தங்கச்சிக்கு இரண்டு பெருவினாவும் மேப்பும் போச்சு. அவளோட வகுப்பில் இன்னும் நாலைந்து பேருக்கும் அதே கதி. அன்று ராத்திரி அவள் என்னோடு பேசவில்லை. மறுநாள் தண்டவாளத் துண்டு மறுபடியும் வேலைக்கு வந்தது, என் பெட்டி அட்டைப் பெட்டிக்குள் போனது.

கரண்ட் போனால் மணி அடிக்காது, அது நியாயம். கரண்ட் வந்த பிறகு ஏன் 53 நிமிஷம் பின்தங்கி அடிக்கணும்? கரண்ட் போயிருந்ததே 30 நிமிஷம்தானே? இந்தக் கணக்குதான் என்னை ஒரு வாரம் தூங்க விடலை.

எழுந்திருப்பதற்கும் ஒரு வரிசை உண்டு

விஷயத்துக்குப் போகும் முன்னால் ஒன்று சொல்லணும். வாஷிங் மெஷின், லிஃப்ட், பஸ் கண்டக்டர் கையில் இருக்கும் டிக்கெட் மெஷின், ரேஷன் கடையில் ஸ்மார்ட் கார்டைக் காட்டும் மெஷின் என்று எல்லாவற்றுக்குள்ளும் ஒரு கணினி ஒளிந்திருக்கிறது. இதற்கு எம்பெடெட் சிஸ்டம் என்று பெயர், தமிழில் உட்பொதிந்த அமைப்பு. இதன் முன்னால் யாரும் உட்கார்ந்து மவுஸ் பிடிப்பதில்லை. 'ஸ்டார்ட்' பொத்தானை அமுக்கி, 'ஷட்டவுன்' கொடுத்து, திரை கறுப்பாகிற வரைக்கும் யாரும் காத்திருப்பதும் இல்லை. கரண்ட் வந்தால் அதுவாக எழுந்து, அதுவாக வேலையைத் தொடங்கணும். கரண்ட் போனால் அப்படியே விழும், விழுந்தாலும் அடிபடக் கூடாது. ஆக, எப்படி எழுவது, எப்படிப் படுப்பது என்பதை முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் இங்கே பெரிய வேலை.

நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். டேனரியில் ஒரு பச்சைத் தோல் முதலில் தண்ணீரில் ஊறி உப்பு போகணும். அப்புறம் சுண்ணாம்பு, முடி எடுப்பது, சதை எடுப்பது, சுண்ணாம்பை நீக்குவது, பிக்கிள், அதற்குப் பிறகுதான் குரோம். அப்போதுதான் நீல நிறத்தில் 'வெட் ப்ளூ' வெளியே வரும். முடி எடுக்காமல் குரோம் போட்டால்? எங்க அப்பா 22 வருஷமா டிரம்மில் வேலை பார்க்கிறார். "போட்டுப் பாரு, அப்புறம் முதலாளி உன்னையும் சேர்த்து டிரம்முல போடுவார்" என்றார்.

கணினியும் அப்படித்தான் படிப்படியாக எழும். சுவிட்சைப் போட்டதும் சில்லுக்குள் நிரந்தரமாகப் பதித்த ஒரு குட்டி நிரல் முதலில் விழிக்கும். அதற்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும்: அடுத்தவன் எங்கே இருக்கிறான், அவனை எழுப்பு. அடுத்தவன் பூட்லோடர். பழைய ராஸ்பெர்ரி பையில் ஒரு வேடிக்கை, முதலில் எழுவது படம் காட்டும் சில்லுப் பகுதி. அது மெமரி கார்டிலிருந்து கோப்புகளைப் படித்துத் தயாரான பிறகுதான் முக்கிய மூளை எழும்! பிறகு லினக்ஸின் கெர்னல் நினைவகத்துக்கு வரும். மெமரி, கார்டு, கடிகாரம் எல்லாவற்றையும் ஒருமுறை சரிபார்த்துவிட்டு, கெர்னல் ஒரே ஒரு நிரலைத் தொடங்கும். அதன் பெயர் இனிட், அதன் எண் 1. வகுப்பு லீடர் மாதிரி. மற்ற எல்லா நிரல்களையும் இதுதான் எழுப்பணும், ஷட்டவுனின்போது இதுதான் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கடைசியாகக் கதவைச் சாத்தணும்.

இந்த இனிட்டுக்கு நாம் கொடுக்கும் பட்டியலில்தான் என் தப்பு ஒளிந்திருந்தது.

17 என்ற எண்

பெட்டியின் குறிப்பேட்டுக் கோப்பைத் திறந்து பார்த்தேன். என் நிரல் ஒவ்வொரு அடிக்கும் ஒரு வரி எழுதி வைக்கும். ஒரு வரியில் "10.30, ஒரு அடி". அதற்கு அடுத்த வரியில் "10.17, நிரல் தொடங்கியது". நேரம் பின்னோக்கிப் போயிருந்தது! அதென்ன 10.17? கரண்ட் போனது 10.40, வந்தது 11.10. இரண்டுமே இல்லையே.

அண்ணனுக்குப் போன் போட்டேன். "உன் பலகையில் கடிகாரமே கிடையாதுடா" என்றார். எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. வீட்டுக் கம்ப்யூட்டரில் வட்டமாக ஒரு பட்டன் பேட்டரி இருக்கும், கரண்ட் இல்லாத போதும் அது நேரத்தை ஓட்டிக்கொண்டிருக்கும். விலையைக் குறைக்க ராஸ்பெர்ரி பையில் அதை விட்டுவிட்டார்கள். (2023-இல் வந்த ஐந்தாவது மாடலில்தான் அந்தக் கடிகாரச் சுற்றைச் சேர்த்தார்கள். அதற்கும் பேட்டரியை நாம்தான் தனியாக வாங்கி மாட்டணும்.) இன்டர்நெட் இருந்தால் எழுந்ததும் அங்கே கேட்டு நேரத்தைத் திருத்திக்கொள்ளும். ஆபீஸ் சுவரில் ஏது இன்டர்நெட்?

அப்படியானால் நேரம் எங்கிருந்து வருகிறது? அந்த லினக்ஸில் 'போலிக் கடிகாரம்' என்று ஒரு குட்டி நிரல் இருக்கிறது. உண்மையிலேயே பெயர் அதுதான், ஃபேக் ஹெச்.டபிள்யூ. கிளாக்! இது ஒழுங்கான ஷட்டவுனின்போது நேரத்தை ஒரு கோப்பில் எழுதி வைக்கும். மறுபடி எழும்போது அந்த நேரத்திலிருந்தே தொடங்கும். திடீரென்று கரண்ட் போனால் எழுத முடியாதே என்று, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறையும் எழுதி வைக்கும். எந்த நிமிஷத்தில்? மணிக்கொரு முறை செய்யும் வேலைகளுக்கு அந்த லினக்ஸில் குறித்திருக்கும் நிமிஷம் 17!

இப்போது கணக்குப் போடுங்கள். 10.17க்கு நேரத்தை எழுதியது. 10.40க்கு விழுந்தது. 11.10க்கு எழுந்து கோப்பைப் பார்த்தது. "மணி 10.17" என்று நம்பியது. 11.10க்கும் 10.17க்கும் வித்தியாசம் 53 நிமிஷம். பாவம், அது பொய் சொல்லவில்லை, அதற்குத் தெரிந்த கடைசி நேரத்தைச் சொன்னது. அதை நம்பி மணியடிக்கச் சொன்னது நான்தான்.

பூச்சி மாதிரி சின்னச் சின்னத் தப்புகள்

இனிமேல் ஒழுங்காகச் செய்வது என்று அண்ணனும் நானும் உட்கார்ந்தோம். பெரிய லினக்ஸைத் தூக்கிவிட்டு, பில்ட்ரூட் என்ற கருவியால் எங்களுக்கு வேண்டியதை மட்டும் சேர்த்து ஒரு சின்ன லினக்ஸ் செய்தார் அண்ணன். அதில் இனிட் வேலையைப் பார்ப்பது பிஸிபாக்ஸ். ப்ரூஸ் பெரன்ஸ் என்பவர் 1995 வாக்கில், டெபியன் லினக்ஸை நிறுவும் கருவிகளை ஒரே ஒரு ஃப்ளாப்பியில் அடக்குவதற்காக எழுதியது. ஒரே நிரல், ஆனால் நூற்றுக்கணக்கான கட்டளைகளின் வேலையைச் செய்யும். நம்ம கடைத்தெருவில் ஒரே ஆள் பூட்டுக்குச் சாவி போட்டு, குடை தைத்து, டார்ச்சும் ரிப்பேர் பண்ணுவாரே, அந்த மாதிரி.

பிஸிபாக்ஸ் இனிட் 'இனிட்டேப்' என்ற ஒரு பக்கக் கோப்பைப் படிக்கும். ஒவ்வொரு வரியிலும் எப்போது, எதை என்று இருக்கும். 'சிஸ்இனிட்' என்று போட்டால் எழுந்ததும் முதல் வேலையாகச் செய்து, அது முடியும் வரை காத்திருக்கும். 'ரெஸ்பான்' என்று போட்டால் அந்த நிரல் செத்தாலும் மறுபடி உயிர் கொடுக்கும். 'ஷட்டவுன்' என்று போட்டால் படுக்கப் போகும்போது செய்யும். தொடக்க வேலைகள் ஒரு அடைவில் எண் போட்ட பெயர்களோடு வரிசையாக இருக்கும். எழும்போது 10, 20, 50 என்று ஏறுவரிசையில் ஓடும். படுக்கும்போது அதே பட்டியல் 50, 20, 10 என்று தலைகீழாக ஓடும். கடைசியாக வந்தவன் முதலில் வெளியே போகணும். ஷூ மாட்டும்போது முதலில் சாக்ஸ், கழட்டும்போது முதலில் ஷூ. (ஷூ தைக்கிற ஊர்க்காரங்களுக்கு இதைவிட எப்படிச் சொல்வது!)

கடையில் பட்டன் பேட்டரியோடு வரும் ஒரு கடிகாரச் சில்லுப் பலகை வாங்கினோம், டி.எஸ். 3231 என்று பெயர். 'நேரத்தை அந்தச் சில்லிலிருந்து எடு' என்ற வேலைக்கு 10ஆம் எண். மணி நிரலுக்கு 50. இதற்கு முன்னால் என் பட்டியலில் மணி நிரல் யாருக்கும் காத்திருக்காமல் எழுந்துவிடும். சரியான நேரம் கிடைத்ததா என்று அது கேட்டதே இல்லை. அந்தச் சில்லில் இன்னொரு நல்ல குணம்: பேட்டரி தீர்ந்து கடிகாரம் ஒருமுறை நின்றுபோனால், "நான் நின்றுவிட்டேன், என்னை நம்பாதே" என்று ஒரு கொடியை உயர்த்தி வைக்கும். 10ஆம் எண் வேலை அந்தக் கொடியைப் பார்க்கும். உயர்ந்திருந்தால் மணி நிரல் அடிக்காது, சிவப்பு விளக்கு மட்டும் எரியும். தப்பான மணியைவிட மணியே இல்லாமல் இருப்பது எவ்வளவோ மேல், வேப்பமரத்தில் தண்டவாளம் தொங்குகிறதே. இதை நான் தங்கச்சியிடம் கேட்டுத்தான் முடிவு செய்தேன்.

அப்புறம் ரிலே. முதல் நாள் சோதனையில், மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே நான் நிரலை நிறுத்திவிட்டேன். நிரல் நின்றது, மணி நிற்கவில்லை! கணினியின் கால் கடைசியாக எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில் நின்றுவிடும் என்று அப்போது எனக்குத் தெரியாது. வயரைப் பிடுங்கும் வரை ஆபீஸே காதைப் பொத்திக்கொண்டது. இங்கேதான் ஷட்டவுன் நாகரிகம் வருகிறது. இனிட் படுக்கப் போகும்போது எல்லா நிரல்களுக்கும் முதலில் 'டெர்ம்' என்ற சைகை அனுப்பும். "நேரமாச்சு, மூட்டை கட்டு" என்று பொருள். நல்ல நிரல் அதைக் கேட்டதும் ரிலேயை அணைத்து, கோப்பை மூடி, வெளியேறும். கொஞ்சம் பொறுத்து 'கில்' சைகை வரும். அதற்குக் கெஞ்சல் கிடையாது, கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவதுதான். பெரிய லினக்ஸில் இருக்கும் சிஸ்டம்டி வழக்கமாக 90 விநாடி வரை பொறுக்கும். பிஸிபாக்ஸ் பொறுப்பது ஒரே ஒரு விநாடி! ஆகவே என் நிரலுக்கு டெர்ம் சைகையைக் கேட்கக் கற்றுக் கொடுத்தேன். கேட்டதும் முதல் வேலை ரிலேயை அணைப்பது.

அடுத்தது மெமரி கார்டு. நாம் 'எழுது' என்றதும் கணினி கார்டில் எழுதிவிடுவதில்லை. நினைவகத்தில் வைத்துக்கொண்டு, "எழுதியாச்சு" என்று சொல்லிவிட்டு, பிறகு சேர்த்து வைத்து எழுதும். லினக்ஸ் வழக்கத்தில் 30 விநாடி வரை கூட அப்படி வைத்திருக்கும். அந்த நேரத்தில் கரண்ட் போனால் எழுதாதது எழுதாததுதான். அதைவிட மோசம், கார்டு எழுதிக்கொண்டே இருக்கும்போது போவது. ஃப்ளாஷ் மெமரியில் ஒரு வரியை மட்டும் அழித்து எழுத முடியாது, ஒரு பெரிய கட்டத்தையே அழித்துத்தான் எழுதணும். பாதியில் நின்றால் பக்கத்து வரிகளும் போகும். அப்பா இதைக் கேட்டுவிட்டு, "உப்புப் போடாம விட்ட தோல் மாதிரி" என்றார். சரியான உவமை! ஆடு, மாட்டுத் தோலை உரித்ததும் உப்புத் தடவினால் பல நாள் தாங்கும். தடவாமல் விட்டால் நம்ம வேலூர் வெயிலில் மறுநாளே நாற்றம். ஒழுங்கான ஷட்டவுன் என்பது உப்புத் தடவி வைப்பது.

ஆனால் யார் வந்து உப்புத் தடவுவது? கரண்ட் சொல்லிக்கொண்டா போகிறது?

முதலில் ஒரு பேட்டரி பலகை மாட்டினோம். கரண்ட் போனால் பேட்டரியில் இரண்டு நிமிஷம் ஓடி, பிறகு ஒழுங்காக ஷட்டவுன் ஆகணும். பிரமாதமாக ஷட்டவுன் ஆனது. ஆனால் ஒரு நாள் கரண்ட் வந்து கால் மணி நேரமாகியும் பெட்டி தூங்கிக்கொண்டே இருந்தது! என்ன நடந்தது தெரியுமா? பெட்டி படுக்கப் போன அதே நொடியில் கரண்ட் திரும்ப வந்திருக்கிறது. படுத்துவிட்ட பெட்டியை எழுப்ப, கரண்ட் ஒருமுறை அறுந்து மறுபடி வரணும். இங்கேதான் அறவே இல்லையே. கரண்ட் இருந்தும் விடிய விடியத் தூங்கும். படுக்க எழுதியவன் எழுப்பவும் எழுதணும் என்பதை நாங்கள் மறந்துவிட்டோம். படுத்த பிறகு பலகையே சில விநாடி கரண்டை அறுத்துத் திரும்பக் கொடுத்தால் இது சரியாகும் என்று அண்ணன் சொன்னார், செய்தும் காட்டினார்.

கடைசியில் நாங்கள் அந்தப் பேட்டரி பலகையையே கழட்டிவிட்டோம். ஆமாம், ஒரு மாத உழைப்பு! காரணம் எளிது. மணிப் பெட்டிக்கு எழுத வேண்டியது என்ன இருக்கிறது? அட்டவணையைப் படிக்கிறது, மணி அடிக்கிறது. எனவே கார்டு முழுவதையும் 'படிக்க மட்டும்' என்று பூட்டிவிட்டோம். எழுதுவதெல்லாம் நினைவகத்தில், கரண்ட் போனால் போகட்டும். சாயங்காலம் 4.30க்கு ஒரே ஒரு தடவை, அன்றைய குறிப்பைத் தனிப் பகுதியில் எழுதும். அதுவும் நேராகப் பழைய கோப்பின் மேல் எழுதாது. புதுப் பெயரில் எழுதி, கார்டுக்குள் இறங்கியதை உறுதி செய்து, பிறகு பெயரை மாற்றும். பாதியில் கரண்ட் போனாலும் பழையது முழுசாக இருக்கும், அல்லது புதியது முழுசாக இருக்கும். பாதிப் பாதி என்பதே கிடையாது. பிளக்கைப் பிடுங்குவதுதான் இப்போது இந்தப் பெட்டியின் ஷட்டவுன். நான் 40 தடவை பிடுங்கிப் பார்த்தேன்.

வாட்ச்டாக் என்ற காவல் நாயைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிரல் உறைந்து போனால் தானாகக் கரண்ட் போகாது, யாரும் வந்து அணைத்துப் போடவும் மாட்டார்கள். அதற்காகச் சில்லுக்குள்ளேயே ஒரு எண்ணி இருக்கிறது. என் நிரல் அதை விடாமல் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருக்கணும். ராஸ்பெர்ரி பையில் அதிகபட்சம் ஏறக்குறைய 15 விநாடி தட்டாவிட்டால், நாய் மொத்த கணினியையும் கடித்து எழுப்பிவிடும். 1997 ஜூலையில் செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் இப்படித்தான் திரும்பத் திரும்பத் தானாக ரீஸ்டார்ட் ஆனது. சின்ன வேலை ஒன்று பெரிய வேலைக்குத் தேவையானதைப் பிடித்து வைத்துக்கொள்ள, நடுத்தர வேலைகள் அந்தச் சின்ன வேலையை முடிக்க விடவில்லை. பூமியிலிருந்தே திருத்தம் அனுப்பிச் சரி செய்தார்கள். என் பெட்டியில் நாய் இதுவரை ஒரே தடவை கடித்திருக்கிறது. அது என் எழுத்துப் பிழை.

ஓட்டமானிக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி

என் மாமா ஒரு டேனரியில் எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் பார்க்கிறார். என் கதையைக் கேட்டுவிட்டு அவர் சிரிக்கவே இல்லை. "எங்களுக்கும் இதே தலைவலிதான்டா" என்றார்.

பாலாற்றில் தோல் கழிவு கலப்பது பற்றி வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்கணும் என்பது இந்தியச் சட்டத்தில் ஒரு பகுதி என்று அதில் சொன்னது. டேனரிகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இருப்பது நமக்குத் தெரியும். 2014 பிப்ரவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், அதிக மாசு தரும் 17 வகைத் தொழில்களும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் கழிவை இணையவழியில் தொடர்ந்து கண்காணிக்கும் கருவிகளை வைக்கணும் என்று உத்தரவிட்டது. அந்த 17இல் டேனரியும் ஒன்று. ஓட்டமானி எவ்வளவு தண்ணீர் போகிறது என்று அளக்கும், பக்கத்தில் ஒரு பெட்டி அதைக் குறித்து வாரியத்தின் கணினிக்கு அனுப்பும்.

இந்தப் பெட்டிக்கும் என் மணிப் பெட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை மாமாதான் சொன்னார். "உன் பெட்டி போனதை மறந்துடலாம். இது மறக்கக் கூடாது." கரண்ட் போன அரை மணி நேரத்தில் என்ன அளந்தது, எப்போது நின்றது, எப்போது எழுந்தது எல்லாம் வேணும். கரண்ட் வந்ததும் மீட்டர் தயாராகும் முன் பெட்டி எழுந்து படித்தால் பூஜ்யம் என்று பதியும். தண்ணீர் ஓடியிருக்கும், கணக்கில் ஓடாது! நேரம் தப்பாக இருந்தால் காலை 11 மணித் தண்ணீர் 10 மணிக் கணக்கில் ஏறும். கேட்கிறவர்களுக்கு அது கோளாறா, திருட்டா என்று எப்படித் தெரியும்? குடிக்கிற தண்ணீரைப் பற்றிய கணக்கு ஆச்சே. ஒரு தடவை இப்படி ஒரு மதியம் முழுக்கப் பூஜ்யமாகப் பதிந்து, மாமா இரண்டு நாள் அந்த வரிகளுக்கு விளக்கம் எழுதிக் கொடுத்தாராம். அங்கே பேட்டரி, ஒழுங்கான ஷட்டவுன், வரிசையாக எழுவது மூன்றும் அவசியம். நான் கழட்டிப் போட்ட பேட்டரி பலகையை மாமா ஆசையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஷட்டவுன் என்றதும் நிலாவைச் சொல்லாமல் விட முடியுமா? 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலாவில் இறங்கியது. அதன் திட்ட இயக்குநர் விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல். நிலாவில் ஒரு பகல் நமக்கு 14 நாள், இரவும் 14 நாள். இரவு வரும் முன்னால், செப்டம்பர் 2 அன்று பிரக்யான் ரோவரையும் 4 அன்று விக்ரம் லேண்டரையும் தூங்க வைத்தார்கள். எப்படித் தூங்க வைத்தார்கள் என்பதுதான் அழகு. கருவிகளையெல்லாம் அணைத்தார்கள், ஆனால் ரிசீவரை மட்டும் அணைக்கவில்லை. பிரக்யானின் பேட்டரி முழுசாக இருந்தது, அடுத்த சூரிய உதயத்தின் வெளிச்சம் விழும் திசையில் அதன் சோலார் தகடு. எழுப்ப வேண்டிய வழியைத் திறந்து வைத்துவிட்டுப் படுக்க வைத்தார்கள். செப்டம்பர் 22 வாக்கில் சூரியன் வந்தது, கூப்பிட்டார்கள், பதில் இல்லை. அந்தக் குளிரைத் தாங்கும்படி அவற்றைச் செய்யவே இல்லை, ஒரு நிலாப் பகல்தான் அவற்றின் ஆயுள். ஜப்பானின் ஸ்லிம் 2024 ஜனவரியில் இறங்கும்போது கவிழ்ந்துவிட்டது, சோலார் தகட்டில் வெயில் விழவில்லை. பேட்டரி 12 சதவீதத்துக்கு வந்ததும் அணைத்துவிட்டார்கள். முழுக்கத் தீர்ந்துபோனால் பிறகு எழுப்பவே முடியாமல் போகலாம் என்ற பயம். எட்டு ஒன்பது நாளில் சூரியன் பக்கம் மாறியதும் எழுந்தது! மூன்று நிலா இரவுகளையும் தாண்டியது, அதையும் யாரும் எதிர்பார்க்கவில்லை. தீரும் வரை ஓட்டாமல் கொஞ்சம் மிச்சம் வைத்துப் படுத்தது.

நம்ம பெட்டிக்கு வருகிறேன். அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் தலைமையாசிரியர் அறையில் பரீட்சை, எனக்கல்ல, பெட்டிக்கு. அவரே பிளக்கைப் பிடுங்கினார். டீ குடித்தார். மாட்டினார். பெட்டி எழுந்து தன் நேரத்தைக் காட்டியது, சுவர்க் கடிகாரத்தைவிடப் பெட்டி இரண்டு நிமிஷம் முன்னால். யார் சரி என்று செல்போனில் பார்த்தார்கள். சுவர்க் கடிகாரத்தைத் திருத்தினார்கள்!

பெட்டி இப்போது மறுபடியும் ஆபீஸ் சுவரில் இருக்கிறது. தண்டவாளத் துண்டும் வேப்பமரத்திலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள், எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. போன ஷட்டவுன் அன்று (இ.பி. ஷட்டவுன்!) மதியம் 2.10க்குக் கரண்ட் வந்தது, 2.20 மணி சரியாக 2.20க்கு அடித்தது. மூன்றாவது மாடி வகுப்பிலிருந்து என் தங்கச்சி எட்டிப் பார்த்தாள். ஆனால் தேர்வுக்கு இன்னும் அப்பாவின் வாட்சைக் கட்டிக்கொண்டுதான் போகிறாள்.

இனிட்டேப் கோப்பையும் தொடக்க வரிசைப் பட்டியலையும் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் லேபுக்கு வரலாம். பிளக்கை நீங்களே பிடுங்கிப் பார்க்கலாம்.



– பதினோராம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்